ஹாரன் அடிக்காதவர்

கூட்டுறவுக் கடையின் அறிவிப்புப் பலகையில்
பனி அள்ளும் இயந்திரம் விற்பனைக்கு என்ற தாளுக்கு அடியில்
இருந்தது அந்த முகவரி.
செவ்வாய், இரவு ஏழரை. கர்லிங் அரங்கம், பின்கதவு.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு
முட்டை விலையைக் குறிப்பவள் போல
ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

போவது எப்படி?
நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
சஸ்காட்செவனின் இந்த மூலையில்
பேருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வரும்.
என் உரிமத்தை நீதிபதி
ஜூன் மாதமே வாங்கி வைத்துக்கொண்டார்.

கேட்கக்கூடிய தூரத்தில் ஒரே ஒரு வீடு,
ஓரெஸ்ட் ஹிரிட்சாக்குடையது.
அவருடைய தபால் பெட்டியைத்தான்
நான் கம்பத்தோடு பெயர்த்தேன்.
குட்டிக் களஞ்சியம் போல் செய்திருந்தார், சிவப்புக் கூரை வைத்து.
விடிந்து பார்த்தபோது கூரை மட்டும்
என் ரேடியேட்டரில் செருகியிருந்தது.

தொலைபேசியில் முதலில் குளிரைப் பற்றிப் பேசினேன்.
பிறகு கேட்டேன்.
மறுமுனையில் தட்டு கழுவும் சத்தம் நின்றது.
"செவ்வாய் எனக்கும் அங்கே சீட்டாட்டம்தான்.
ஆறே முக்காலுக்கு வருவேன்.
ஹாரன் அடிக்க மாட்டேன்."

முதல் வாரம் தவறான கதவு.
எடை குறைப்போர் கூட்டத்தில்
இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
தராசில் ஏற்றினார்கள், கைதட்டினார்கள்.
எதை விட்டிருக்கிறாய் என்று கேட்டாள் ஒருத்தி.
இன்னும் எதையும் விடவில்லை என்றேன்.
என் கை நடுங்குவதைப் பார்த்தவள்
ஒன்றும் பேசாமல் பக்கத்து அறைவரை கூட்டிப்போனாள்.

ஐந்து நாற்காலி. கருகிய காப்பி.
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஃப்ளாய்ட், சாவி அவரிடம்.
எதிரே டார்லா.
போன வருடம் என் பல்லைச் சுத்தம் செய்தவள்,
என் மூச்சுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.
இப்போது திருப்பவில்லை.
என் முறை வந்தது.
"இன்று கேட்கிறேன்" என்றேன்.
அடுத்த வாரமும் அதையே.

மூன்றாம் வாரம் போகவில்லை.
விளக்கை அணைத்துவிட்டுச்
சமையலறைத் தரையில் இருந்தேன், பாட்டிலோடு.
அவர் வண்டியின் வெளிச்சம்
சுவரில் கால் மணி நேரம் நின்றது.
சொன்னபடி ஹாரன் அடிக்கவில்லை.
பிறகு வெளிச்சம் மெல்ல நகர்ந்து
அடுப்பைத் தாண்டி, நாட்காட்டியைத் தாண்டிப் போனது.

அடுத்த செவ்வாய், ஆறே முக்கால்.
அதே வெளிச்சம்.

அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தேன்.
இரண்டு அங்குலம் புதுப்பனி.
சக்கரத் தடம் எங்குமே இல்லை.
வண்டிக்கு அடியில் மட்டும்
தரை கறுப்பாக, உலர்ந்து.
ஜெயித்தீர்களா என்று கேட்டேன்.
"சுமார்" என்றார்.

டிசம்பரில் ஒரு செவ்வாய், காற்று சுழற்றி அடித்தது.
பின்கதவு பூட்டியிருந்தது.
ஃப்ளாய்ட் எங்கோ சாலையில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
இருவரும் வண்டிக்குள். ஹீட்டர் இரைந்தது,
வானொலியில் ஹாக்கி, கடைசி நான்கு நிமிடம், சம நிலை.
அத்தனை வாரமாகப் பல்லுக்குப் பின்னால் கிடந்தது
அப்போது பார்த்து வெளியே வந்தது:
என் பெயர் வெர்னா. நான் குடிகாரி.

அவர் கை நீண்டு வானொலியை அணைத்தது.
கண்ணாடித் துடைப்பான் இரண்டு முறை போய்வந்தது.
"உள்ளே இதற்கு என்ன சொல்வார்கள்?"
"ஹலோ வெர்னா என்பார்கள்."
தொண்டையைச் செருமிக்கொண்டு,
என்னைப் பார்க்காமல்,
கண்ணாடிக்கு வெளியே பனியிடம் சொன்னார்:
"ஹலோ வெர்னா."

யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும் வழி முழுக்கப் பேச்சில்லை.
அவர் வாசலில் புதுப்பெட்டி இன்னும் இல்லை.
கம்பத்தில் கம்பி சுற்றிய ஒரு பெயிண்ட் வாளி.
அதைக் கடக்கையில்
சாலையின் மறுபுறம் நன்றாக ஒதுங்கிப் போனார்,
ஸ்டீயரிங்கில் இருப்பது
நான்தான் என்பது போல.