நூற்றுப் பத்தொன்பது நிமிடம்

தீவனப் பட்டியலின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு:
நொடிக்கு அறுபத்து நான்கு கிலோபிட்.
எட்டால் வகுத்தால் எட்டு கிலோபைட்.
நிமிடத்துக்கு நானூற்று எண்பது.
மணிக்கு, கொஞ்சம் முன்பின்னாக,
இருபத்தொன்பது மெகாபைட்.

என் கையில் ஆயிரம்.
பதினாலு இரவுக்கு ஆயிரம்.
அதற்குமேல் வாங்கினால் வீட்டு மளிகையில் கைவைக்க வேண்டும்.
அதிலும் இருநூறை ஒதுக்கினேன்:
செத்த மீன்களின் படம் விடிந்ததும் கம்பெனிக்குப் போக வேண்டும்,
ஞாயிற்றுக்கிழமை ரொசாமெல் கூப்பிடுவாள்
விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்ட.
மீதி எண்ணூறு.
கூட்டிக் கழித்துப் பார்த்ததில்
இரவுக்கு நூற்றுப் பத்தொன்பது நிமிடம்.

நெல்தா பார்ரியாவின் நிகழ்ச்சி
பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை.

ஒரு நிமிடம் இடிக்கிறது.

சிலோயேவின் இந்த மூலைக்குப் பண்பலை வராது.
சாதா ரேடியோவைத் திருகினால் மழைச் சத்தம்;
மழைதான் வெளியிலேயே இருக்கிறதே, சும்மா.
கம்பெனி சாட்டிலைட்டில் கேமராக்கள் மட்டும் பேசிக்கொள்ளும்.
அதன் கடவுச்சொல்
மேற்பார்வையாளரின் மனைவிக்கே தெரியாது என்கிறார்கள்.
எனக்கு வாய்த்தது எதிர்க்கரைக் கோபுரம்,
இரண்டு கோடு சிக்னல்,
மிதவை சாய்ந்தால் ஒன்று.

நூற்றிருபத்தெட்டில் கேட்டால்
அக்கார்டியன் மூச்சிழுப்பதுகூடத் தெரியும்.
ஆனால் பாதி இரவுதான் மிஞ்சும்.
அறுபத்து நான்கில் அதற்குச் சளி பிடித்துவிடுகிறது.
போகட்டும். நெல்தா வாசிப்பவை சேதிகள்.

மெச்சூக்கே தீவு எதெல்மிராவுக்கு:
பசு கன்று போட்டது, இரண்டும் சுகம்.
வியாழக்கிழமை டாக்டர் வரமாட்டார்.
அண்ணனுக்கு: படகில் எரிவாயு உருளை அனுப்பியிருக்கிறேன்,
பணம் பிறகு, திட்டாதே.

யாரும் எனக்கு எதுவும் அனுப்புவதில்லை.
அடுத்தவர் பசுவுக்கே நான் சந்தோஷப்படுவேன்.

வெட்ட ஒரு நிமிடம் வேண்டுமே,
பத்து நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன்.
வட்டிக்குக் கொடுக்கும் வங்கியின் விளம்பரம்.
அந்த ஆள் சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்துவேன்.
அறுபது எண்ணித் திறப்பேன்.
திறந்ததும் அது முன்கூட்டியே சில நொடிகளை
லபக்கென்று விழுங்கும்;
அந்தக் கணக்கை நான் எழுதவில்லை.

ஒன்பதாம் இரவு பத்து நாற்பதுக்கு
வங்கிக்காரன் வரவில்லை.
நெல்தாதான் வந்தாள்.
ஓதிலியோ மான்சீயா, முக்குளிப்பவர்,
நாற்பத்தொரு வயது,
வடக்குக் கூண்டுகளின் வலைக்கடியில், என்றாள்.
ஒரு நிமிடம் மௌனம், என்றாள்.

அவனை எனக்குத் தெரியும்.
என் சார்ஜரை இரவல் வாங்கிப்போய்
மூன்று ஷிப்டாக இழுத்தடிப்பவன்.

காதில் ஒன்றுமில்லை.
திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.
மௌனத்துக்கும் நொடிக்கு அதே எட்டு.
பாட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் வங்கிக்காரன் சிரிப்புக்கும்
என்ன விலையோ அதே விலை.
காலிப் பெட்டியைத் தூக்கினாலும் கூலி ஒன்றுதான்.

நிறுத்தியிருக்கலாம்.
நான் தேடிய நிமிடம் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது,
ஒரு சொல் நஷ்டமில்லை.
விரல் திரைக்கு மேல் போய் நின்றது.
கீழே மீன்கள்
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன.
இருபதாவது நொடியில் அவள் நாற்காலி கிறீச்சிட்டது.
எங்கோ ஒரு கதவு.
யாரோ, அவளாகவும் இருக்கலாம், எச்சில் விழுங்கினார்கள்.
அறுபத்து நான்கிலேயே கேட்டது.

நானூற்று எண்பது கிலோபைட்டும் வந்து சேர்ந்தது.
வாங்கிக்கொண்டேன்.

பிறகு கன்றுகள், உருளைகள், டாக்டர்கள்.
மறுநாள் வங்கிக்காரன் திரும்பி வந்து சிரித்தான்,
வழக்கம்போல வெட்டினேன்.

கணக்கு தப்பவில்லை.
பதினாலாம் இரவு, பன்னிரண்டுக்குச் சற்று முன்,
கால்புக்கோவில் இருப்பவருக்கு, என்று நெல்தா தொடங்கினாள்,
நீ கேட்டதற்கு என் பதில்
என்பதோடு அறுந்தது.

அறுபது எண்ணினேன்.
பழக்கம்.