மிஞ்சிய நட்டு

கல்கூர்லியில் நாற்பத்திரண்டு டிகிரி.
கராஜ் தரையில் அட்டை விரித்து
லேண்ட் குரூசருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி.
என்னைவிட இரண்டு வயது மூப்பு,
ஒழுக்கும் என்னைவிட அதிகம்.

கியர்பெட்டியைத் தட்டியதும்
கண்ணில் கொட்டியது செம்மண்:
நான் போகாத ஏதோ ஒரு பாதை
கண்ணீரோடு வழிந்து காதுக்குள் போனது.

எல்லாம் பூட்டியாயிற்று.
உள்ளங்கையில் ஒரு நட்டு மிச்சம்.
கையேட்டைப் புரட்டினேன். படத்திலும் இல்லை.
பக்கத்து வீட்டு டெஸ்மண்ட்
தலையைச் சொறிந்துவிட்டு
பியர் எடுக்கப் போய்விட்டார்.

சாவியைத் திருப்பினேன்.
இருமி, நடுங்கி, பிடித்துக்கொண்டது.

நட்டு இப்போது உப்பு ஜாடியின் பக்கத்தில்.
பாறைத் தடத்தில்
புதிதாய் ஒரு சத்தம் கேட்டால்
ரஜிதா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.
நான் பாட்டைக் கூட்டி வைப்பேன்.