கிராஸ், டேர், நெட்

க.க.சாவடி எடைமேடையில் பதினோரு வருஷம்
எனக்கு இரவு ஷிஃப்ட்.
ஆடி மாதம் கணவாய்க் காற்று
தகரக் கூரையைப் பிய்த்தெடுக்க வரும்.
அதற்கு மேலே சத்தம் வைக்க
ஒரு டேப்ரெகார்டர் இருந்தது,
இடது ஸ்பீக்கர் செத்தது.

ரப்பர் ஷீட் லோடு, டிரைவர் பெயர் குரியாக்கோஸ்.
"சில்லறையில்ல சேச்சி,
காலி வண்டியோட வரும்போது தரேன்,
அதுவரைக்கும் இது இருக்கட்டும்"
என்று இருபது ரூபாய்க்கு ஈடாக
ஒரு கேசட்டை நீட்டினான்.
அட்டையில்லை, பெட்டியில்லை.
முதுகில் நீலப் பேனாவில் மலையாளம்.
எழுத்துக்கூட்டினேன்:
ராக். தொடாதே.

தொட்டேன்.

ஏழு பாட்டு.
நான்கு பேரா ஐந்து பேரா தெரியாது.
என் இங்கிலீஷ் எடைச்சீட்டு அளவுக்குத்தான்,
கிராஸ், டேர், நெட்.
அந்த ஆள் யார்மேல் அத்தனை கோபப்பட்டான் என்று
இன்றுவரை தெரியாது.
ஆனால் மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நுழைகிற இடம் தெரியும்:
முழு லோடு வண்டி முன்சக்கரத்தை
மேடை விளிம்பில் வைக்கும்போது
என் நாற்காலிக்கு அடியில் வருமே ஒன்று,
அது.
முள் ஆடி ஆடி நிற்கும்வரை
மூச்சு விட மாட்டேன், இரண்டுக்கும்.

பகல் ஷிஃப்ட் மயிலாத்தாள் சொன்னாள்,
"ஏனுங்க, ஆட்டுக்கல்லுல ஆணியப் போட்டு
ஆட்டற மாதிரியல்ல இருக்குது."
ஏலச்சீட்டுக்காரன் ஓடிப்போன அன்று
சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு
வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.
ஒன்பது மணிக்கு,
"அந்த ஆணியப் போடுங்க" என்றாள்.
இரண்டு பக்கமும் கேட்டாள்.

சினிமாப் பாட்டு எல்லோரிடமும் இருந்தது.
எனக்கு வேண்டியது பாட்டில்லாத இடம்.
கொழிஞ்சாம்பாறை ரெகார்டிங் சென்டர் ஹம்ஸா சிரித்தார்,
"பேக்கிரவுண்டு மட்டும் எங்கே கிட்டும்?"
அதனால் வேலந்தாவளம் கொட்டகைக்கு
டேப்ரெகார்டரைத் தூக்குப்பையில் வைத்து,
மேலே சாப்பாட்டு டப்பா வைத்து,
ஒரே படத்துக்கு மூன்று தடவை போனேன்.
கதை கேட்டால் சொல்லத் தெரியாது.
ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள்
யாருடைய சேலையையோ மடிக்கிறாள்,
இரண்டாம் மடிப்பில் செல்லோ தொடங்குகிறது,
நான்காம் மடிப்பில் நின்றுவிடுகிறது.
அவ்வளவுதான்.

என் கேசட்டில் அதற்கு முன்னால்
யாரோ கடலைத் தோல் உடைக்கிறார்கள்.
ஒரு குழந்தை "மூத்திரம்" என்கிறது.
"தள்ளி உட்காருங்க" என்கிறது ஓர் ஆண்குரல்.
இப்போது அந்தச் செல்லோவைச் சுத்தமாக
எங்கே கேட்டாலும்
கடலை உடையக் காத்திருக்கிறேன்.

குரியாக்கோஸின் ஏழாவது பாட்டு முடியாது.
கிட்டார் ஏறும், ஏறும்,
இன்னும் ஒரு வளைவுதான் என்கிற இடத்தில்
டேப் தீர்ந்து டக்.
ஒவ்வொரு இரவும் அந்த டக்.

அக்கா மகன் மாதேஸ்வரனிடம்
போன மாசம் முனகிக் காட்டினேன்.
மூன்று நாளில் போனில் பிடித்துவிட்டான்,
அட்டைப்படத்தோடு, ஆட்களின் பெயரோடு.
(நான்கு பேர்.)
டக் வரவேண்டிய இடத்தைத் தாண்டி
இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி இருந்தது.
கிட்டார் இறங்கி வந்தது,
விருந்துக்கு வந்தவன் போகும்போது
வாசலில் நின்று பேசுவதுபோல
இழுத்து இழுத்து, குறைந்து.
"எப்படி சித்தி?" என்றான்.
நல்லாருக்கு என்றேன். பாவம், தேடியிருக்கிறான்.

வரி மாறிய வருஷம் சாவடியில் லாரி வரிசை கரைந்தது.
முள் போய் சிவப்பு எண் வந்தது.
டிராயரைக் காலி செய்யச் சொன்னார்கள்.
ஒரு சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சரக்கு: ரப்பர் ஷீட்.
கிராஸ்: 16,420.
டேர்:
நெட்: