கறுப்பு கிளிப்

நாற்பதாயிரத்துக்குப் பதிலாக வந்த கார்.
ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலியோரம்
ஏழு மழை நனைந்து நின்ற பத்மினி.
வாங்கியவர் குணசீலன்.
கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.
கொடுத்த கதை எனக்குத் தெரிந்தது
முதல் மூட்டை வீட்டுக்கு வந்த அன்று.

முழு வண்டியாக இறங்கிவரத் தெம்பில்லை அதற்கு.
ஞாயிறுதோறும் சாக்கில் கட்டி
இருபது கொண்டை ஊசியும் பஸ்ஸில் சுற்றி
மடியில் பிரேக் டிரம், காலடியில் கதவுக் கீல்கள்.
கண்டக்டர் சாக்கைத் தொட்டார்,
விரலைப் பேன்ட்டில் துடைத்தார்,
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

சூரமங்கலத்து வெயிலில் காயவைத்துப் பார்த்தேன்.
காய்ந்த துருவும் துருதான்.
புளி கரைத்து, கல்லுப்பு போட்டு ஊறவைத்தேன்.
நட்டுகள் வெளுத்தன.
கீல்கள் வாயைத் திறக்கவில்லை.
மாதப் புளி மட்டும் தீர்ந்தது.

பிறகுதான் கரண்ட்.
மொட்டை மாடியில் நீல டிரம், முக்கால் தண்ணீர்,
இரண்டு கைப்பிடி சலவைச் சோடா,
சாகுல் கடையில் இரவல் வாங்கிய பாட்டரி சார்ஜர்.
கறுப்பு கிளிப் கீலுக்கு.
சிவப்பு கிளிப்
எதற்கும் உதவாத வேறொரு இரும்புக்கு.
தின்னக் கொடுப்பது அதைத்தான்.

அவர் ஒரு பளபளத் தகடு கொண்டுவந்தார்,
உருக்காலையில் இருக்கிறவர் வேறெதைக் கொண்டுவருவார்,
‘இது துருவே பிடிக்காதே’ என்றார்.
அதனால்தான் வேண்டாம் என்றேன்.
இதைக் கட்டினால் தண்ணீர் மஞ்சளாகும்,
அந்த மஞ்சள் விஷம்,
சாக்கடையில்கூட ஊற்ற முடியாது.
துருப்பிடிக்கத் தெரிந்தது ஏதாவது இருந்தால் கொடுங்க.
எதிர்வீட்டுக் கான்கிரீட்டில் மிஞ்சிய கம்பி
ஒரு முழம் கேட்டு வாங்கிவந்தார்.

சோடா பாட்டிலை அப்போதுதான் உடைத்த மாதிரி
கீல் முழுக்கப் பொடிப்பொடியாய்க் குமிழ்.
மேலே செங்கல் நிறத்தில் நுரை.
பீடி கூடாது இங்கே,
வருகிற காற்று பற்றிக்கொள்ளும் என்றேன்.
படியிறங்கித் தெருமுனை வரை போய்ப் பிடித்தார்.

மூன்று இரவில் மூன்று கீல்.
நாலாவது இரவு கரண்ட் போனது.
கிளிப்புகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தவர்
தெருவிளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறார்,
செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
எனக்கு உதவியிருக்கிறார்.

காலையில் டிரம்மில் கைவிட்டேன்.
கம்பி அவ்வளவு சுத்தம்.
பென்சில் முனை நிறத்தில்
வரிவரியாக முறுக்கும், கம்பெனி எழுத்தும் தெரிந்தது.
கீல்,
எலி கொறித்த முறுக்கு.
ஆணி நிற்க ஓட்டை இல்லை,
ஓட்டைக்குச் சுற்றிலும் ஏதாவது இருந்தால்தானே.

சிவப்பை எதுக்குங்க கொடுத்தீங்க?
‘கீலுக்கு.’
ஏன்?
‘சிவப்பு பிளஸ்.
பிளஸ் நல்லதுக்குத்தானே?’

குணசீலனையும் இப்படித்தான்,
என்று நாக்கு நுனி வரை வந்தது.
இருபத்துமூன்று நாளாக அங்கேயே இருந்த சொல்.
சிரிப்பு முந்திக்கொண்டது.
அவருக்குக் காரணம் விளங்காமல்
அவரும் கொஞ்சம் சிரித்தார்.

மீதி மூன்றையும் துடைத்தோம்.
கழுவி எடுத்த இரும்புக்குப் பத்து நிமிடம் போதும்,
ஈரக் கை பட்டாலே செம்மை தட்டும்.
நான் துடைக்கத் துடைக்க அவர் எண்ணெய் பூசினார்,
தேவைக்கு மேலேயே,
மாடிப் படியெல்லாம் சொட்ட.
கம்பியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை அவருக்கு,
டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
அதே கீல் ஒன்று கிடைத்தது.
முந்நூற்றைம்பது சொன்னான், பேரம் படியவில்லை,
கொடுத்துவிட்டு வந்தேன்.
எவ்வளவு என்று அவரிடம் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

அதுவும் துருதான்.
இன்றிரவு தண்ணீரில் கிடக்கிறது.
கறுப்பு கிளிப்பில்
என் பழைய ரிப்பன் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்,
இருட்டில் தடவினாலும் தெரிய.