ஊறட்டும்

மூக்கில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்து
மைலோ கேட்ட முதல் ஆள்
எங்கள் பரம்பரையில் நானாகத்தான் இருப்பேன்.
ஆறினதைக் குடி, என்றாள் மிஸ்ஸி ரொஹாயா, மலாயில்.
சூடு ரத்தத்தைக் கூப்பிடும்.

யீஷூன், ஆறாவது மாடி.
தலைமாட்டை உயர்த்திவிட்டுப் போனார்கள்.
விடிய விடிய வாயால் மூச்சு;
நாக்கு சிமெண்டுத் தரை.
மீசைபோல் ஒட்டிய துணியில்
சிவப்பு எவ்வளவு என்று
கைப்பேசியின் இருட்டுக் கண்ணாடியில் பார்த்தேன்.
இரண்டு மணிக்கு ஐம்பது காசு அளவு.
நான்கு மணிக்கு இருபது காசு.

முக்காதே, குனியாதே, சீந்தாதே,
தும்மல் வந்தால் வாயைத் திற.
எம்ஆர்டியில் ஒட்டியிருப்பது மாதிரி
ஒரு மூக்குக்கு இத்தனை தடை.

காலையில் குணாளன் வந்தான்.
பதினொரு வருஷத்துக்கு முன்னால்
அம்மா வீடு விற்ற பணத்தின் பங்குக்காக
புளோக் அடியில், லிஃப்ட் வாசலில்
இந்த எலும்பை வளைத்த கை
ஐஸ் பொட்டலத்தைத் துண்டில் சுற்றியது.
எங்கே வைக்கணும், என்று கேட்டான்.
என்னை இல்லை, மிஸ்ஸியை.

பஞ்சு எடுக்கும் நேரம்.
அவள் உடனே இழுக்கவில்லை.
மரக்கடிக்கும் மருந்து கலந்த உப்புநீரைச்
சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டாள்.
காய்ந்த பஞ்சு சதையையும் கூட்டிக்கொண்டு வரும்.
ஊறட்டும், என்றாள். பத்து நிமிஷம்.

பக்கத்துக் கட்டிலில் தியோ அங்கிள்
தன் படுக்கை எண்ணை நாலு நம்பராக்கி
மகனுக்குப் போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.
குணாளன் கைகழுவும் முறையைச் சுவரில் படித்தான்,
தெரியாத மொழிகளிலும்.
அவனும் நானும் ஒரே அறையில்
பத்து நிமிஷம்.

பிறகு மெதுவாக
கல்லாவிலிருந்து ரசீது வருவதுபோல்
வந்துகொண்டே இருந்தது.
இவ்வளவும் எனக்குள்ளேயா?
கொஞ்சம் ரத்தம். ஐஸை வைத்ததும் நின்றது.
வலித்தது. ராத்திரி முழுக்க
நான் தயாராக்கி வைத்திருந்த வலி இல்லை.

முதலில் நுழைந்தது கைகழுவும் திரவம்.
அதற்குப் பின்னால், லேசாக,
அவன் நெற்றியிலிருந்து கோடாலித் தைலம்.
தூங்காத இரவுக்குத்தான் அதைத் தடவுவான்,
சின்ன வயசிலிருந்தே.

சாப்டியா, என்றேன். அடைத்த குரல்.
ஐஸை இன்னும் எடுக்கவில்லை அவன்.

கண்ணில் தண்ணீர் வந்தாலும் மூக்கில்தான் வந்து நிற்கும்;
ஒரு வாரத்துக்குச் சீந்தக்கூடாதாம்.