பச்சை மை

பேட்மிண்டன் கோடுகள் மேல் மேசை போட்டிருந்தார்கள்.
இரவு பத்தே முக்காலுக்குப் பெட்டிகள் வந்தன,
மொத்தம் ஐந்து.
ஒன்றில் ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை.
தூக்கி வந்த பையன் அதை
இரண்டு விரலில் ஆட்டிக்கொண்டு வந்தான்.

பகலில் நான் வீட்டுவரி பாக்கிக்குக் கடிதம் அனுப்புகிறவள்.
இன்றிரவு கட்டைவிரலில் ரப்பர் தொப்பி,
மணிக்குப் பதினான்கு பவுண்டு,
ஒரு முட்டை சாண்ட்விச்,
பார்த்ததை வெளியில் சொல்லமாட்டேன் என்று
ஒரு கையெழுத்து.

த்ரஷ்கில் வார்டு.
அங்கே தபால்பெட்டி நின்றாலும் ஜெயிக்கும் என்பார்கள்,
சிவப்பாக இருப்பதால்.
முப்பத்தோரு வருடம் கிளெம் ஆக்ராய்ட் நின்றார்.
நவம்பரில், 46-ஆம் நம்பர் நிறுத்தத்தில்
உட்கார்ந்தபடியே போய்விட்டார்.
46 ஆகஸ்டிலிருந்தே ஓடவில்லை.
அந்தத் தடத்தை வெட்டக் கை தூக்கியவர்களில்
அவரும் ஒருவர்.
பிறகு எதற்கு அங்கே போய் உட்கார்ந்தார்
என்று யாரும் கேட்கவில்லை.
நாற்காலி காலி, தேதி குறித்தாயிற்று,
பிப்ரவரி, வியாழன், ஆலங்கட்டி மழை.

வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இருபத்திமூன்று.
மிச்சப் பேர்
ஜன்னல் வழியே மழையைப் பார்த்திருப்பார்கள்.
அதையும் இந்த அறையில் ஒரு கட்சி
தன் ஓட்டாகவே எண்ணிக்கொண்டிருந்தது.

சீட்டுகளைத் திருப்பிப் போட்டோம்.
சிவப்பு, ஊதா, மஞ்சள்,
நாய்க்கழிவுக்கு எதிராகத் தனியாக நிற்கும் திரு. பில்க்கிங்டன்.
இருபத்தைந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட்.
ஊதாக் கட்டுகள் என் முழங்கை வரை வந்தபோது
சிவப்புக்காரர்கள் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.
போன வருடம் சிவப்பு ரிப்பனோடு
என் வீட்டுக் கதவைத் தட்டிய இளைஞன்
இப்போது மேசைக்கு அந்தப் பக்கம்,
ஊதா ரிப்பனோடு.
அதே கோட்டு. பழைய குண்டூசித் துளைக்கு
அரை அங்குலம் தள்ளிப் புதிய குண்டூசி.

மேசைக்கு எதிரே க்ளெனிஸ், கிளெமின் மனைவி.
சிவப்பின் முகவராக, கறுப்புக் கோட்டில்,
மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு
என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை மை.
கட்டமாய் ஒரு பெருக்கல் குறி,
ஒவ்வொரு முனையிலும் சிறு கொக்கி.
சமூகக் கூடத்துத் தேநீர்ப் பணக் கணக்கில்
வாராவாரம் பார்க்கிற கொக்கி.
பணம் தந்தவர் பேருக்கு நேரே க்ளெனிஸ் போடுவது.

மஞ்சள் பெயருக்கு நேரே இருந்தால் சிரித்திருப்பேன்.
பில்க்கிங்டன் என்றாலும் புரிந்திருக்கும்.

ஊதா.

நிமிர்ந்தேன். அவள் நிமிரவில்லை.
கடையில் பச்சைப் பேனா
மூன்று ஒரு பவுண்டுக்குக் கிடைக்கிறது.
கொக்கி போடுகிறவர் ஊரில் எத்தனையோ பேர்.
நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இது இருபத்தைந்து,
ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினேன்.

"பார்த்து எண்ணும்மா," என்றாள்.
அவ்வளவுதான்.

செல்லாதவை ஒன்பது.
ஒன்றில் ஆண்குறிப் படம்.
ஒன்றில் எல்லாக் கட்டத்திலும் 'வேண்டாம்',
கடைசிக் கட்டத்துக்குக் கீழே 'மன்னிக்கவும்'.
ஒன்றில் பென்சிலால்,
கிளெம், பார்ன் லேன் விளக்கு இன்னும் எரியவில்லை.
அதிகாரி அதைத் தூக்கிக் காட்டி
எல்லா முகவரையும் கேட்டார், ஆட்சேபம் உண்டா?
ஒருவருக்கும் இல்லை.

ஊதா ஐந்நூற்றுப் பதினொன்று. மஞ்சள் ஐந்நூறு.
சிவப்பு முந்நூற்றிரண்டு.
உள்ளாட்சிக்கு இங்கே டெபாசிட் கிடையாது;
பறிபோக ஒன்றும் கட்டி வைப்பதில்லை.

ஜெயித்த பெண் நன்றி சொன்னாள்,
இது வெறும் தொடக்கம் என்றாள்.
தோற்றவர் இது வெறும் இடைத்தேர்தல் என்றார்.
க்ளெனிஸ் இருவருக்கும் கை கொடுத்தாள்,
காலியான சாண்ட்விச் தட்டுகளை அடுக்கினாள்,
வழக்கம்போல.

ஒன்றரை மணிக்கு வண்டி எடுத்தேன்.
பார்ன் லேன் திருப்பத்தில் இருட்டு,
வைப்பர் சத்தம்.
46-ஆம் நம்பர் நிறுத்தத்தின் முன்னால்
எதற்கென்று தெரியாமல்
வேகத்தைக் குறைத்தேன்.