கால் சுற்று

தோட்டத்து ரோட்டுக் குழியில் இறங்கி
ரிம் வளைந்த கப்சாய்கள் என் பட்டறைக்கு வரும்.
நான் சுத்தியல் எடுப்பதில்லை.
ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி
எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று முறுக்கி
சுழலவிட்டுப் பார்த்து
மறுபடி கால் சுற்று.
சுங்கை சிப்புட்டில் இதற்காகவே
என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

அது இரும்பு.

ஏழாவது வாரம் குளிப்பாட்டும்போது
ஈர முடி ஒட்டிக்கொண்டு
மேலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது:
பின்மண்டையின் வலப்பக்கம் சப்பை.
வலது காது மட்டும்
யாரோ கூப்பிட்டது போல முன்னால் நகர்ந்திருந்தது.
சியாமளா ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்,
சோப்பு போய் வெகுநேரம் ஆன பிறகும்.

துருவன் என்று பெயர் வைத்தோம்.
ஒரே திசையில் நிலைத்துவிட்டான்.
கட்டிலுக்கு வலப்புறம் ஜன்னல்,
ஜன்னலுக்கு அப்பால் செம்பனை ஆலையின் விளக்குகள்.
பகலிலும் ராத்திரியிலும் அங்கேதான் பார்வை.

எண்ணெய் தொட்டு அமுக்கிவிடு என்றார்
எதிர்வீட்டு ராஜலெட்சுமி அக்கா.
கடுகுத் தலையணை என்று அழைத்துச் சொன்னாள்
ஜொகூரில் இருக்கும் நாத்தனார்.
கோழிக்கடை ஆ மோய் எட்டிப் பார்த்து
'முடி வந்தா தெரியாது லா' என்றாள்.
அவள் சொன்னதுதான் சியாமளாவுக்குக் கொஞ்சம் பிடித்தது.
ஆனாலும் குடும்பக் குழுவுக்குப் போன படங்கள் எல்லாம்
இடப்பக்கத்திலிருந்தே எடுத்தவை.

'ஏழாம் மாசத்துக்கு அப்புறம்
நான் ஒரே பக்கமா படுத்தேனே, அதனாலயா?'
இல்லை என்றார் ஈப்போ டாக்டர்.
இல்லை என்ற சொல்
ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை செய்வதில்லை.

கழுத்துச் சதை ஒரு பக்கம் இறுக்கம்,
எலும்பு மூடிக்கொள்ளவில்லை, அது நல்லது,
விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள்,
இடப்பக்கம் திரும்பப் பழக்குங்கள்.
'ரொம்ப இருந்தா கோலாலம்பூர்ல ஹெல்மெட் செய்வாங்க.
ஆயிரக்கணக்குல வெள்ளி ஆகும்.
தேவைப்படாமலும் போகலாம். பார்ப்போம்.'
ஹெல்மெட் என்றதும் நான் சிரித்துவிட்டேன்.
பட்டறை ஆணியில் ஆறு தொங்குகின்றன,
எடுக்க ஆளில்லாமல்.
வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

அன்றிரவு ஜன்னலை நகர்த்த முடியாததால்
கட்டிலைத் திருப்பினோம்.
இப்போது காற்றாடி எங்கள் காலுக்கு மேலே.
இருட்டில் எழுந்தால் அலமாரி முட்டியில் இடிக்கிறது.
விளக்கைத் தேடி அவன் இடப்பக்கம் திரும்ப வேண்டும்,
திரும்புகிறான், அழுகிறான்,
பாதியில் விட்டு வலப்பக்கமே போகிறான்.
நாங்கள் கன்னத்தைத் தொட்டு மறுபடி.

டாக்டர் அளந்ததை நான் பார்த்திருந்தேன்:
நெற்றியின் ஒரு முனையிலிருந்து எதிர்ப் பின்மண்டை,
பிறகு மற்ற மூலைக்கு.
இரண்டுக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.
சனிக்கிழமை வெர்னியரை மண்ணெண்ணெயில் துடைத்து
சோப்பு போட்டு
வெந்நீரில் அலசி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
'என் பிள்ளை என்ன பிஸ்டனா?' என்று கத்தினாள்.
பிறகு அவளே வந்து
அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிஸ்டனை அளக்கிற கை இது.
நூலிழை தப்பினாலும் தெரியும்.
அந்த உச்சியில், எலும்பில்லாத இடத்தில்,
தோலுக்கு அடியில் துடிப்பு தெரிகிறது.
இரும்பு தொடாமல் அளக்க வேண்டும்.
என் கை ஆடியது.

இன்றோடு மூன்று சனிக்கிழமை.
இளஞ்சிவப்புக் கிளினிக் புத்தகத்தின் பின்அட்டையில்
என் கையெழுத்தில் எண்கள்:
பன்னிரண்டு. பன்னிரண்டு. பதினொன்று.

பதினொன்றா என்றாள்.
அசைந்தான், சரியாகத் தெரியவில்லை என்றேன்.
கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேனோ என்னவோ.

'சரி, இன்னொரு தடவை பிடி' என்றாள்.
அவன் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு
வெர்னியரின் பளபளப்பைப் பார்த்தான்.
அது என் இடது கையில் இருந்தது.